அப்பத்தா அரைத்த சுண்ணாம்பு

போன தை மாசம் என் மகளும் மருமகனும் என்னை ஒரு செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் சீட்டு வாங்கினோம். ஆளுக்கு இவ்வளவு, கேமராவுக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு மகள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் கால் எழும்பவில்லை. முதல் படியிலேயே நின்றுவிட்டேன். திரும்பி வந்து, ‘என்னப்பா, முட்டி வலிக்குதா?’ என்று கேட்டாள். ஆமா என்றேன். அது பொய்.

அந்த வீட்டை எனக்கு அறுபது வருசமாகத் தெரியும். ஆனால் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் இன்னொரு தெருவில் இருக்கும். நாங்கள் பின்தெரு வழியாக வருவோம். பின்வாசலுக்கு வெளியே, வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமாக நின்று ‘ஆச்சி’ என்று குரல் கொடுப்போம். கூலியோ கஞ்சியோ வரும். வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்புவோம். நாங்கள் நின்ற இடத்தில் அப்புறம் சாணித் தண்ணி தெளிப்பார்கள். அந்த வீட்டில் சாவு விழுந்தால் என் அப்பா மோளம் அடிக்கப் போவார். அன்றைக்கு மட்டும் முன்தெருவுக்குப் போகலாம். அன்றைக்கும் திண்ணைக்குக் கீழேதான்.

இப்போது உள்ளே போனேன். முகப்பு, வளவு, பட்டாசாலை, ரெண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான் ஒரு பையன். தூணெல்லாம் பர்மாத் தேக்கு, தரையில் இத்தாலிப் பளிங்கு, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி, உள்கட்டில் ஆத்தங்குடிக் கல். மனப்பாடமாகச் சொன்னான். ஒரு சுவர்ப் பக்கம் நிறுத்தி, ‘தொட்டுப் பாருங்க சார், எம்புட்டு வழுவழுப்பு பாருங்க. சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசினது. எம்பது தொண்ணூறு வருசமாச்சு, இன்னிக்கும் முகம் பாக்கலாம்’ என்றான். என் மகள் கேட்டாள்: ‘அந்தச் சுண்ணாம்பை யாரு அரைச்சா?’ பையன் ஒரு நிமிசம் முழித்தான். ‘கொத்தனாருங்கதான் மேடம்’ என்றான்.

கொத்தனார் பூசினார். அரைத்தது பொம்பளைகள். அதில் ஒருத்தி என் அப்பத்தா. செக்கில் மாடு கட்டி ஆட்டிய சுண்ணாம்பை மறுபடி அம்மியில் போட்டு வெண்ணெய்ப் பதம் வருகிறவரை அரைக்க வேண்டும். கடைசிப் பூச்சுக்கு விரலில் எடுத்துத் தேய்த்தால் நெருநெருப்பே தெரியக்கூடாது. சுண்ணாம்பு கையை வேகவைத்துவிடும். ராத்திரி நல்லெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்களாம். காலையில் மறுபடி அம்மி. என் அப்பத்தாவின் கையில் ரேகை கிடையாது. பின்னாளில் சொசைட்டியில் கைநாட்டு வைக்கச் சொன்னபோது மை ஒட்டியது, ரேகை விழவில்லை. நாலு தடவை அழுத்தி வைத்தாள். எழுதுகிற ஆள் எரிச்சல்பட்டான். நான் பக்கத்தில் நின்றேன்.

அந்தச் சுவரை நானும் தொட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அது அழகாக இருந்தது. வெயில் முற்றத்தில் இறங்கி, தூண் நிழல் வரிசையாகத் தரையில் விழுந்து, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. நம்மை அவமானப்படுத்திய ஒரு வீட்டை நாம் ரசிக்கலாமா? ரசித்தால் அப்பத்தாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகுமா? இந்த வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறார்கள். அதில் நாமும் சேர்ந்துகொள்ளலாமா, அல்லது இடிந்து விழட்டும் என்று விட்டுவிடலாமா? சில மாதங்களாக இதுவே மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வீடுகள் எந்தக் காசில் எழுந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனா என்று போய் வட்டிக்கடை வைத்தார்கள். பர்மாவின் ஐராவதிப் படுகையில் காடு திருத்தி நெல் போட்ட விவசாயிக்கு வெள்ளைக்காரன் வங்கி கடன் கொடுக்கவில்லை, இவர்கள் கொடுத்தார்கள். பிறகு பெருமந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் அடைக்க முடியாதவன் நிலம் கைமாறியது. கீழைப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். எட்டே வருசத்தில் கால்வாசி. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. வந்துகொண்டிருந்த காசு நின்றது. வீடு கட்டுவதும் நின்றது. நிலம் போன அந்தப் பர்மாக்காரன் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இந்தத் தூணுக்குள் அவனும் இருக்கிறான்.

இந்த வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் எங்களுக்கு என்ன சட்டம் இருந்தது? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுக் கட்டுப்பாடுகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி போடக்கூடாது. ஆம்பிளைகள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, கோட்டு போடக்கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. பொம்பளைகள் மாரை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. அடுத்த ஜூனில் எட்டு பதினொன்றாக ஆனது. பிள்ளைகளைப் படிக்க வைக்கக்கூடாது என்பதும் அதில் ஒன்று.

இந்தக் கட்டுப்பாட்டைச் செட்டியார்கள் போடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இந்த வீடுகள் நின்றதும் அதே ஜில்லாவின் மண்ணில்தான், அதே ஒழுங்குக்குள்தான். அந்த ஒழுங்கு இருந்ததால்தான் கூலி அவ்வளவு மலிவாகக் கிடைத்தது. இந்த வீட்டில் வெளிநாட்டு எனாமல் பாத்திரம் ஒரு அறை நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவை கப்பலேறி வந்த காலத்தில்தான் எங்களுக்கு மண்சட்டி தவிர எதுவும் ஆகாது என்று சொன்னார்கள். உங்கள் சேரியில் காப்பாற்றி வைக்கிற மாதிரிப் பழைய பொருள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், இதுதான் பதில்.

ஊருணியையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் மழைத் தண்ணி ஒரு சொட்டு வீணாகாமல் ஊருணிக்குப் போய்ச் சேருகிற ஏற்பாட்டை இன்றைக்குப் பொறியாளர்கள் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். என் ஆத்தா அந்த ஊருணிக் கரையில் குடத்தோடு நின்றிருக்கிறாள். இறங்கி மொள்ள முடியாது. யாராவது மனசு வைத்து ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவர்கள் குடத்தில் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பாதி தரையில் போகும். சொட்டு வீணாகாத ஏற்பாட்டில் எங்கள் பங்குத் தண்ணி மட்டும் தினமும் சிந்தியது.

ஒருதலையாகப் பேசக் கூடாது. நான் படித்தது 1947இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரியில்தான். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். அந்தக் கல்லூரி இல்லையென்றால் இதை எழுதுகிற கை இன்றைக்கு வேறு எதையோ சுமந்துகொண்டிருக்கும். ஒரே சமூகத்தின் பணம் ஒரு பக்கம் பின்வாசலைக் கட்டியது, இன்னொரு பக்கம் கல்லூரி வாசலைத் திறந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறாகாது.

என் நண்பர் ஒருவர், நீண்டநாள் இயக்கத் தோழர், இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ‘எதுக்குங்க இந்தக் கவலை? அதுவா இடிஞ்சு விழுது, விழட்டுமே. ஒரு அடிமைத்தனத்தோட கோட்டை சரியுறப்ப நாம ஏன் முட்டுக் குடுக்கணும்?’ என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நானும் பல வருசம் அப்படித்தான் நினைத்தேன். பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடந்து, ஓட்டில் ஆலஞ்செடி முளைத்து, ஒவ்வொரு கட்டாகச் சரிந்த வீடுகளைப் பார்த்தபோது மனசுக்குள் ஒரு குரூர சந்தோசம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஆனால் விழுந்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். கதவும் நிலையும் தூணும் தனித்தனியாகக் கழற்றப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகின்றன. அங்கிருந்து சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன. யாரோ ஒருவருடைய ஓட்டலில் அந்தக் கதவு கண்ணாடி போட்ட மேசையாக நிற்கிறது. அந்தக் கதவுக்கு முன்னால் யார் நின்றார்கள், யார் நிற்கக் கூடாது என்று அங்கே எதுவும் இல்லை. வீடு விழுந்தால் அடிமைத்தனம் விழுவதில்லை. அது நடந்ததற்கான சாட்சிதான் விழுகிறது. ‘எங்க தாத்தா காலத்துல அப்படியெல்லாம் இல்லையே, எல்லாரும் தாயா பிள்ளையா இருந்தோம்’ என்று நாளைக்கு ஒருவர் சொன்னால், இந்தா இந்தப் பின்வாசலைப் பார், இந்தத் திண்ணையின் உயரத்தைப் பார் என்று காட்ட ஏதாவது நமக்கு வேண்டாமா?

அப்படியென்றால் காப்பாற்றினால் போதுமா? அங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. வளவு, ரெண்டாங்கட்டு, சமையல்கட்டு எல்லாம் பார்த்துவிட்டு, ‘பின்பக்கம் போகலாமா தம்பி?’ என்று கேட்டேன். போகலாம் சார், அங்கேதான் நல்லா இருக்கும் என்றான். போனோம். வேப்பமரம் இல்லை. பின்வாசல் இல்லை, அடைத்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நாங்கள் நின்று குரல் கொடுத்த இடத்தையும் உள்ளே சேர்த்துக்கொண்டு நீச்சல் குளம் வெட்டியிருந்தார்கள். தங்க வருகிற விருந்தினர்களுக்காம். நீலக் கல் பதித்து, தண்ணி பளபளவென்று கிடந்தது. என் ஆத்தாவுக்கு மூன்றடி உயரத்திலிருந்து ஊற்றப்பட்ட தண்ணி என் நினைவுக்கு வந்தது. முன்கட்டில் ஒரு ஆணியைக்கூட மாற்றாமல் பழையபடி வைத்திருக்கிறோம் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான். உண்மைதான். மாற்றியது எங்கள் பக்கத்தை மட்டும்.

2014இல் செட்டிநாட்டின் ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. நல்லது. ஆனால் பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் தெருவில் வேறு அர்த்தம் வரும். சாவுக்கு மோளம் அடிப்பது உங்க பாரம்பரியம் என்றுதான் என் அப்பாவிடம் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றபோது பாரம்பரியத்தைக் கெடுக்கிறான் என்றார்கள். அந்தப் பாரம்பரியத்தை விட்டதனால் எனக்குப் படிப்பு வந்தது. அதனால் எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுவிடுவது என்கிற கேள்வியை வீட்டுக்காரர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. அந்த வீட்டின் பின்வாசலில் நின்றவனுக்கும் அதில் ஒரு சொல் உண்டு.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் கறுப்பின அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த பண்ணைகளில் பெரிய பெரிய மாளிகைகள் உண்டு. ரொம்பக் காலமாக அவற்றில் முதலாளி வீட்டுக் கட்டிலையும் கண்ணாடியையும் காட்டிவந்தார்கள். கல்யாணம்கூட நடத்துகிறார்கள். அங்கே விட்னி என்ற பண்ணையை 2014இல் அடிமைகளின் பக்கமிருந்து சொல்கிற அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அடிமைகள் குடியிருந்த மரக் கொட்டில்கள் அங்கே நிற்கின்றன. அடிமைகளின் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அடிமைக் குழந்தைகளின் சிலைகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். மாளிகையும் இருக்கிறது, இடிக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்கிறவனின் கண் மாறிவிடுகிறது. நம் ஊரில் ஒரு வீட்டிலாவது மண் சுமந்தவர் பெயர் ஒன்று எழுதியிருக்கிறதா? நான் பார்த்ததில்லை.

நம் வீடுகள் காப்பாற்றப்படுவதில்லை. மண்சுவரும் பனை ஓலையும் எத்தனை மழையைத் தாங்கும்? என் அப்பத்தா வாழ்ந்த குடிசை இருந்த இடம் இன்றைக்கு எனக்கே சரியாகத் தெரியாது. தமிழ்நாட்டில் ஒரு சேரிக் குடிசை வரலாறாக ஆக வேண்டுமென்றால் அது எரிய வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அங்கே இன்று நினைவுச்சின்னம் நிற்கிறது. குடிசை இல்லை. அந்த வழக்கில் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது, இவ்வளவு நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்கிற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. பெரிய வீடு என்பது வெறும் கட்டடமில்லை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். வசதி என்பது நீதிமன்றத்திலும் போய்ச் சாட்சி சொல்லும். நம் குடிசைக்கு அந்த வாய் கிடையாது.

ஊருக்குத் திரும்பியதும் அயித்தையிடம் போய்ச் சொன்னேன். அப்பத்தாவின் பிள்ளைகளில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். எண்பத்தாறு வயசு. கண் மங்கல், காது கூர்மை. ‘அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வந்தேன் அயித்தை, முன்வாசல் வழியா’ என்றேன். ‘காசு குடுத்தா?’ என்றாள். ஆமா என்றேன். ‘அட கூறு கெட்டவனே, எங்க ஆத்தா அரைச்ச சுண்ணாம்பைப் பாக்க அவுகளுக்குக் காசு குடுத்தியாக்கும்’ என்றாள். நான் சும்மா இருந்தேன். ‘அது விழுந்தா நல்லதா, நின்னா நல்லதா அயித்தை?’ என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. வெத்திலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, ‘செவரு எப்புடி இருக்கு?’ என்று கேட்டாள். நல்லா இருக்கு, முகம் பாக்கலாம் என்றேன். ‘இருக்கட்டும் அப்பு. ஆத்தா கையி அது ஒண்ணுதான் மிச்சம்’ என்றாள்.

எந்தப் புத்தகமும் தராத தெளிவு எனக்கு அங்கே கிடைத்தது. அந்த வீட்டை நான் அவர்களுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். படியில் கால் நின்றதற்கும் அதுதான் காரணம், இடியட்டும் என்று நினைத்ததற்கும் அதுதான் காரணம். அயித்தைக்கு அந்தக் குழப்பமே இல்லை. பத்திரம் யார் பெயரில் இருந்தால் என்ன, சுவர் அவள் ஆத்தா வேலை. ரசிப்பதற்கு அவளுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நான் அந்தச் சுவரைத் தொட்டுச் சந்தோசப்பட்டதில் தப்பில்லை என்று இப்போது நினைக்கிறேன். யார் வேலை என்று சொல்லாமல் வெளியே வந்ததுதான் தப்பு.

அதனால் என் கட்சி இது. வீடுகள் நிற்கட்டும். ஆனால் முழுசாக நிற்கட்டும். முகப்பு எவ்வளவு முக்கியமோ பின்வாசலும் அவ்வளவு முக்கியம். அதை அடைத்துவிட்டுக் காட்டுகிற வீடு பாதி வீடு. தேக்கு எந்த ஊர் என்று சொல்கிற வாய், கூலி எந்தத் தெரு என்றும் சொல்ல வேண்டும். எவ்வளவு தூரம் யார் வரலாம் என்கிற கோடு அந்த வீட்டின் திட்டத்திலேயே இருந்தது. அந்தக் கோட்டையும் காட்ட வேண்டும். அரசுப் பணம், உலகப் பட்டியல் என்று போகும்போது இதை நிபந்தனையாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இது இரக்கம் கேட்பதில்லை. செய்த வேலைக்குப் பேர் கேட்பது.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மெதுவாக, ‘நீங்க எந்த ஊரு சார்?’ என்றான். சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தான். அவனும் எங்கள் பக்கத்துச் சேரிப் பையன்தான். ‘பெரியப்பா, எங்க அப்பத்தாவும் இங்கதான் நெல்லுக் குத்தினுச்சாம். அதெல்லாம் சொன்னா வேலை போயிரும். மாசச் சம்பளம் வருது’ என்றான். அவனைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி? நானும்தான் முட்டி வலி என்று சொன்னேன்.

வெளியே வருகிற இடத்தில் பார்வையாளர் நோட்டு இருந்தது. அன்றைக்கு எழுதாமல் வந்துவிட்டேன். அயித்தையைப் பார்த்த மறுவாரம் தனியாகப் போனேன். மறுபடி சீட்டு வாங்கினேன். நோட்டில் எழுதினேன்: ‘இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவளின் பேரன் வந்து பார்த்தேன். சுவர் நன்றாக இருக்கிறது.’ கீழே அப்பத்தா பெயரையும் எங்கள் தெருப் பெயரையும் போட்டேன். அந்தப் பையன் எட்டிப் பார்த்துப் படித்தான். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைக் கிழிக்கவும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு பெரிய வீடு இருக்கும். அதற்கு மண் சுமந்தது யார், கல் உடைத்தது யார், எந்த வாசலில் நின்றார்கள் என்று உங்கள் வீட்டுக் கிழவிகளைக் கேளுங்கள். அவர்கள் போவதற்குள் எழுதி வையுங்கள்.